மாதாவுக்கு ஒரு வயிறு

மாதாவுக்கு வயிறு வைத்தது பிழை என்று சுகந்தினிக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வைத்திருக்கமாட்டாள். ஆனால் அப்படியொரு விஷயத்தை முன்கூட்டிச் சொல்ல யாருக்குத்தான் தோன்றும்?

நெளுக்குளத்துப் பக்கமிருந்து காலை ஆறு பத்துக்குப் புறப்படும் காமன்ற் பஸ்ஸில், இடப்பக்கம் மூன்றாவது இருக்கை சுகந்தினிக்கும் ஜெசிந்தாவுக்கும் உரியது. எழுதிவைத்த உரிமை அல்ல. நாலு வருடமாக இருந்து இருந்து வந்த உரிமை. காமன்ற் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தைப்புத் தொழிற்சாலைக்குப் போய்ச்சேர முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரத்தில் மற்றப் பெண்கள் நித்திரை கொள்வார்கள், தலை பின்னுவார்கள், ஃபோனில் பாட்டுக் கேட்பார்கள். ஜெசிந்தாவும் சுகந்தினியும் நூல் பின்னுவார்கள். ஆளுக்கொரு கொக்கி ஊசி, ஒரு வூல் பந்து, மடியில் ஒரு சொப்பிங் பை. யூரியூப்பில் பார்த்து, பிழைவிட்டு, அவிழ்த்து, திரும்பப் பின்னி இருவருமாகப் படித்தது.

சுகந்தினியின் கை இறுக்கம். "உன்ர பின்னலுக்குள்ள தண்ணி அள்ளலாமடி" என்பாள் ஜெசிந்தா. ஜெசிந்தாவின் கை இளக்கம். அவள் பின்னுகிற ஆட்டுக்குட்டிக்கு எப்போதும் வயிற்றுப்பக்கத்தால் பஞ்சு எட்டிப்பார்க்கும்.

காமன்றில் சுகந்தினியின் வேலை சட்டையின் இடது கைக்குப் பட்டி பொருத்துவது. காலை தொடங்கிப் பின்னேரம் வரை இடது கை, இடது கை, இடது கை. வலது கைக்கு வேறொருத்தி. கழுத்துக்கு இன்னொருத்தி. அவள் எத்தனை ஆயிரம் சட்டைகளைத் தொட்டிருப்பாளோ தெரியாது. ஒன்றைக்கூட முழுதாகத் தைத்ததில்லை. பின்னல் அப்படி இல்லை. ஆறு கண்ணியில் ஒரு சின்ன வளையம் போட்டுத் தொடங்கினால், அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்த சுற்றில் பதினெட்டு என்று விரிந்து, பிறகு குறைந்து, கடைசி முடிச்சுப் போடும்போது கையில் ஒரு முழுப்பொருள் இருக்கும். ஆடோ, பூவோ, தொப்பியோ, அதன் தலையும் காலும் அவள் ஒருத்தி செய்தவை.

அந்தச் சந்தோசத்தை அவள் இரண்டு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தாள். ஜெசிந்தா பக்கத்திலிருந்து பின்ன, இவள் யன்னலால் பார்த்துக்கொண்டு போவாள்.

காரணம் பஸ்ஸில் எல்லோருக்கும் பாதி தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனது. தெரியாத பாதி இது: பிள்ளை வயிற்றில் இருந்த நாட்களில் அவள் வெள்ளை வூலில் ஒரு சின்னத் தொப்பியும் ஒரு காலுறையும் பின்னி முடித்திருந்தாள். இரண்டாவது காலுறை குதிக்காலோடு நின்றது. பிறக்கமுன் பிள்ளைக்கு உடுப்புச் செய்யக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கை கேட்கவில்லை. மலையகத்துப் பேச்சு மாறாத மாமியார் பேச்சியம்மா அதைக் கண்டு, "ஏம்புள்ள, இம்புட்டு அவசரம்?" என்று மட்டும் கேட்டாள். திட்டவில்லை. பிறகும் ஒருநாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி சுகந்தினிக்குள் ஊசிமுனை முறிந்து நின்றதுபோல் நின்றுவிட்டது.

இப்போது திரும்பவும் ஐந்தாம் மாதம். சித்திரைக் கடைசிக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். கணவன் சுமன், மாமியார், கிளினிக்கில் வரும் மருத்துவமாது, இந்த மூன்று பேரையும் தவிர ஒருவருக்கும் அவள் சொல்லவில்லை. காமன்றில் பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்குக் கையில் கட்ட ஒரு மஞ்சள் பட்டி கொடுப்பார்கள். அது கட்டியிருந்தால் பாரம் தூக்கச் சொல்லமாட்டார்கள். பின்னேரம் அரை மணித்தியாலம் முந்தி எழும்பலாம். போனமுறை அந்தப் பட்டியைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்தும் வைத்தவள் அவள். இந்தமுறை கேட்கவேயில்லை. இரண்டு அளவு பெரிய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த வருடம் கார்த்திகை மழைக்குக் காமன்றின் களஞ்சிய அறை ஒழுகியது. நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, வாசல் மண்டபத்தில் வைக்கும் பாலன் குடிலின் உருவங்கள் அங்கேதான் ஒரு காட்போட் பெட்டியில் இருந்தன. பெட்டியைத் திறந்தபோது மாதாவின் கணவர் சூசையப்பருக்குத் தலை இல்லை. மூன்று இராசாக்களும் கரைந்து ஒருவரோடொருவர் ஒட்டிக்கிடந்தார்கள். கந்தோரில் பதிவுகள் பார்க்கும் மிஸ் கவலைப்பட்டுக்கொண்டு நிற்க, "நாங்கள் நூலால செய்து தாறம் மிஸ்" என்று ஜெசிந்தா ஒருவரையும் கேளாமல் ஒத்துக்கொண்டுவிட்டாள். அடுத்தநாள் பஸ்ஸில்தான் சுகந்தினிக்கு விஷயம் தெரியவந்தது.

"நாங்கள் எண்டா ஆர்?"

"நானும் நீயும். வேற ஆர்?"

"நான் விட்டு ரெண்டு வருசமடி."

"விட்டா மறந்திடுமே? சைக்கிள் ஓடுறது மாதிரித்தானே. ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் நான். என்ர கைக்கு மனுசர் சரிவராது. போன வருசம் அண்ணன்ர மகளுக்குப் பொம்மை செய்யப் போய் அது பூசணிக்காய் மாதிரி வந்து, பிள்ளை பயந்து அழுதது. மனுசரெல்லாம் நீ."

"மனுசர் எத்தினை பேர்?"

ஜெசிந்தா விரல் மடித்து எண்ணினாள். "மாதா, சூசையப்பர், இராசா மூண்டு பேர், இடையர் ரெண்டு பேர், செட்டை வைச்ச சம்மனசு ஒண்டு. பிறகு பாலன்."

"பாலனை விட்டிட்டு மிச்சம் செய்யிறன்."

"ஏன்? பாலன்தானே சின்னன். அரை மணித்தியாலத்து வேலை."

"அது பிறகு பாப்பம்" என்றாள் சுகந்தினி. ஜெசிந்தா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தோழி திரும்பவும் ஊசி பிடிக்கிறாள் என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

அன்று பின்னேரம் சுகந்தினி அலுமாரிக்கு மேலிருந்து பிஸ்கற் ரின்னை இறக்கினாள். மூடியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது தொப்பி. அதன் கீழே ஒன்றரைக் காலுறை. அவற்றைத் தொடாமல், பக்கத்தில் செருகியிருந்த கொக்கி ஊசியை மட்டும் இழுத்தெடுத்து மூடியைப் போட்டாள். மண்ணிற வூலில் ஆறு கண்ணி. விரல் முதலில் தடுமாறியது. மூன்றாவது சுற்றில் தானாக ஓடத் தொடங்கியது. சூசையப்பரின் தலை முடிந்தபோது அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணத்தது; அவள் மூக்குக்கு அது எட்டவில்லை. சுமன் வந்து பானையை இறக்கிவைத்துவிட்டு, மேசையில் கிடந்த தலையைப் பார்த்தான்.

"இது ஆர்?"

"சூசையப்பர்."

"நல்ல மனுசன் மாதிரிக் கிடக்கு" என்றான் சுமன். அவளை அப்படிச் சிரித்த முகமாகக் கண்டு கனநாள் ஆகியிருந்ததால், கருகிய சோற்றைப்பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்ததும் பஸ்ஸின் மூன்றாவது இருக்கை ஒரு சின்னப் பட்டறை ஆனது. வெளியே குளத்து வெள்ளம் றோட்டுக் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. உள்ளே ஒவ்வொரு காலையும் ஒவ்வொருவர் பிறந்தார்கள். சுகந்தினி இராசாக்களுக்குப் பச்சை, ஊதா, சிவப்பு என்று அங்கி பின்னினாள். ஒருவருக்குத் தலைப்பாகை, ஒருவருக்கு மணிமுடி, மூன்றாமவருக்கு நூல் முடிந்துபோனதால் வழுக்கை. ஜெசிந்தாவின் ஒட்டகம் வந்த அன்றைக்குப் பஸ் முழுக்கக் கைமாறியது. பின் இருக்கையில் இருக்கும் வடிவம்மாக்கா, சட்டைக்கு அயன் பிடிக்கும் பகுதியில் வேலை செய்கிறவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இது ஒட்டகமோ, முதுகில கட்டி வந்த மாடோ?"

"ஒட்டகம்தான் அக்கா."

"நீ ஒட்டகம் கண்டிருக்கிறியோ?"

"நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

"இல்லை."

"அப்ப இதுதான் ஒட்டகம்."

பஸ் ஓட்டுநர்கூடச் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டு போன நாட்கள் அவை. சுகந்தினிக்கு மசக்கை தெரியவில்லை, களைப்புத் தெரியவில்லை. மிச்சமிருந்தது மாதா.

மாதாவைச் செய்யத் தொடங்கமுன் அவள் ஜெசிந்தாவிடம் இரண்டு கேள்வி கேட்டாள். எந்த வேலையையும் அளவு கேட்டுத் தொடங்குகிறவள் அவள்.

"குடில் எப்ப வைக்கிறது?"

"பதினைஞ்சாந் திகதி."

"பிள்ளை எப்ப பிறக்கிறது?"

"உனக்கு அதுகூடத் தெரியாதே? இருபத்தஞ்சு."

சுகந்தினி மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் பத்து நாள். அந்தப் பத்து நாளும் அந்தத் தாய் நிறைமாதமாக நிற்கவேண்டும். அவள் நீல வூலில் ஆறு கண்ணி போட்டாள். இடுப்புக்கு வந்ததும் முன்பக்கத்தில் மட்டும் கண்ணிகளைக் கூட்டிக் கூட்டிப் பின்னினாள். பழைய தலையணையொன்றிலிருந்து இலவம் பஞ்சு எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மேலே அல்லாமல் கீழே இறங்கி நிற்கும்படி அடைத்தாள். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துத் தைத்தாள். முடித்து மேசையில் நிறுத்தியபோது, இதுவரை தான் செய்ததிலே இதுதான் வடிவானது என்று அவளுக்கே பட்டது.

பன்னிரண்டாம் திகதி காலை, பஸ் புறப்பட்டு ஐந்து நிமிடத்தில், அவள் பையிலிருந்து மாதாவை எடுத்து ஜெசிந்தாவின் மடியில் வைத்தாள்.

ஜெசிந்தா பார்த்தாள். சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரி எட்டிப்பார்த்து, "சேசுவே! மாதா பிள்ளைத்தாச்சி!" என்று கத்தினாள். அவ்வளவுதான். பஸ் முழுக்க எழும்பி நின்று பார்த்தது. "எத்தினையாம் மாதமாம்?" "கிளினிக் கொப்பி இருக்கோ?" என்று ஆளாளுக்குத் தொடங்கினார்கள். "மஞ்சள் பட்டி குடுங்கோவன் அவாவுக்கு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. சுகந்தினியும் முதலில் சேர்ந்து சிரித்தாள். பிறகுதான் ஜெசிந்தாவின் முகத்தைக் கண்டாள்.

"என்னடி இது?" என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "எந்தக் கோயில் குடிலில நீ இப்பிடி மாதாவைக் கண்டனி? முழங்காலில நிண்டு கும்பிட்டபடி இருக்கிறவா அவா."

"பிள்ளை பிறக்கேல்லத்தானே இன்னும்?"

"அதுக்கு? எங்கட மாதாவை வைச்சு உவையெல்லாம் பகிடி பண்ணுகினம். கேக்குதோ உனக்கு? பஞ்சை எடுத்துப்போட்டு வயித்தைச் சப்பையாக்கித் தா. ரெண்டு நிமிச வேலை."

சுகந்தினி மாதாவை எடுத்தாள். அடிப்பக்கத்தில் தைத்து மூடிய நூலின் நுனி விரலுக்கு அகப்பட்டது. அதை இழுத்தால் போதும். அவள் விரல் அந்த நுனியைப் பிடித்தபடி நின்றது. சட்டைக்குள்ளே, தொப்புளுக்குக் கீழே, மூன்று நாளாகத் தொடங்கியிருந்த அந்த மெல்லிய அசைவு, மீன் வால் தட்டினதுபோல ஒருமுறை தட்டியது.

"என்னால ஏலாது" என்றாள்.

"என்ன ஏலாது?"

"எடுக்க ஏலாது. கேக்காத."

"அப்ப எங்கட சாமி எண்டபடியால்தானே? உங்கட அம்மனுக்கு இப்பிடிச் செய்வியோ?"

உண்மையான பதிலைப் பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லச் சுகந்தினியால் முடியவில்லை. ஜெசிந்தா தன் பையை எடுத்துக்கொண்டு எழும்பிப்போய் வடிவம்மாக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பதினைந்தாம் திகதி குடில் எழும்பியது. கேற் காவலாளி வீரகத்தி அண்ணை பத்து நாளுக்கு முன்னரே பழைய மீன் ரின்களில் நெல் முளைக்கப் போட்டிருந்தார். அது பச்சைப்பசேலென்று புல்லாக நின்றது. கிடுகுக் கூரை, ஆடுகள், முதுகில் கட்டி வந்த ஒட்டகம், வழுக்கை இராசா. நடுவில் வைக்கோல் போட்ட தொட்டில். அதற்கு ஒருபக்கம் சூசையப்பர் தனியே நின்றார். மற்றப்பக்கம் வெறும் இடம்.

"பாவம், மனிசி கோவிச்சுக்கொண்டு தாய்வீட்டை போயிட்டா போல" என்றார் வடிவம்மாக்கா, போகிற வழியில்.

ஜெசிந்தா தானே ஒரு மாதாவைப் பின்னிப் பார்த்தாள். அவளுடைய இளக்கமான கையில் அது சூசையப்பரைவிட இரண்டு மடங்கு பருத்து, கழுத்தும் நிற்காமல் ஒருபக்கம் சரிந்தது. அதை அவள் பஸ்ஸிலேயே ஒரே இழுவையில் அவிழ்த்துச் சுற்றினாள். ஐந்து இருக்கை தள்ளியிருந்து சுகந்தினி அதைப் பார்த்தாள். முந்தி என்றால் இருவரும் வயிறு நோகச் சிரித்திருப்பார்கள்.

அன்று வீட்டில் சுகந்தினி மாதாவை மடியில் வைத்துக்கொண்டு நூல்வெட்டும் கத்தரிக்கோலைக் கையிலெடுத்தாள். ஒரு பஞ்சுப் பொம்மைக்காக நாலு வருடத் தோழியை இழப்பதா என்று தன்னையே கேட்டாள். நியாயமான கேள்விதான். கத்தரிக்கோலை அடித்தையலுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அதக் கீழ வையி" என்றாள் பேச்சியம்மா.

சுகந்தினி திரும்பிப் பார்த்தாள். மாமியார் குசினி வாசலில் சுளகோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. வந்து பக்கத்தில் நிலத்தில் குந்தினாள். மாதாவை வாங்கி வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னைக்கி நா ஒரு வார்த்த கேட்டேன். அது இன்னும் ஒம் மனசுல கெடக்கா?"

சுகந்தினி ஓம் என்று தலையசைத்தாள்.

"சுமனுக்கு முன்னால எனக்கு ஒன்னு பொறந்திச்சி. ஒனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது. அதுக்கு நா ஒரு கிழிசத் துணிகூட எடுத்து வக்கல. எல்லாஞ் சொன்னபடி கேட்டு நடந்தேன். மூனு நாள்தான் இருந்திச்சி." பேச்சியம்மா சுளகிலிருந்த அரிசியில் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். "தைச்சாலும் போகும். தைக்காட்டியும் போகும். இதச் சொல்லாம ரெண்டு வருசம் ஒன்ன விட்டுட்டேன் பாரு, அதுதான் எம் மேல தப்பு."

சுகந்தினி அழத் தொடங்கினாள். பேச்சியம்மா அவளைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டாள். சுளகைத் தூக்கிக்கொண்டு எழும்பும்போது மட்டும், "அதுக்காக இப்பவே ஒக்காந்து சொக்கா பின்னிராத. எதுக்கும் பொறக்கட்டும்" என்றாள். அழுகைக்கு நடுவில் சுகந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தநாள் தேத்தண்ணி நேரம், கை கழுவும் பைப்படியில், சுகந்தினி ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கு அஞ்சாம் மாதம்" என்றாள். வேறு முகவுரை எதுவும் அவளுக்கு வரவில்லை.

ஜெசிந்தா பைப்பைப் பூட்ட மறந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கண் சுகந்தினியின் முகத்திலிருந்து சட்டைக்குப் போய், சட்டையிலிருந்து கைக்குப் போனது.

"மஞ்சள் பட்டி எங்க?"

"கேக்கேல்ல."

"எனக்கும் சொல்லேல்ல."

"சொன்னா... போயிடுமோ எண்டு பயம்." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: தொப்பி, ஒன்றரைக் காலுறை, பாலனை ஏன் செய்யமாட்டேன் என்றது, நூல் நுனியைப் பிடித்த விரல். ஜெசிந்தா தலையில் கைவைத்தாள்.

"மாதாவே! உன்னட்டையோ நான் பஞ்சை எடுக்கச் சொன்னனான்? அதுவும் ரெண்டு நிமிச வேலை எண்டு!" அவள் சுகந்தினியின் கையில் ஒரு அடி போட்டாள், வலிக்கிற அடி. "அறுந்துபோவாளே, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் அந்தப் பஸ்ஸுக்கே வாய் தைச்சிருப்பனே."

"அப்ப மாதாவை என்ன செய்வம்?"

ஜெசிந்தா யோசித்தாள். "இஞ்ச பார். நாங்களும் பாலனை முதலே வைக்கிறேல்ல. இருபத்தி நாலாந் திகதிப் பூசையிலதான் தொட்டிலுக்கை வைக்கிறது. அதுமட்டும் வெறும் வைக்கோல்தான்."

"அப்ப அதுமட்டும் பிள்ளை எங்க இருக்கெண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டாள் சுகந்தினி. பகிடிக்கு அல்ல, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டாள்.

ஜெசிந்தா அப்போதுதான் பைப்பைப் பூட்டினாள். மணி அடித்தது. இருவரும் மெசினுக்கு ஓடினார்கள்.

பின்னேரம் பஸ்ஸில் ஜெசிந்தா மூன்றாவது இருக்கைக்குத் திரும்பி வந்தாள். வந்ததும் மாதாவைக் கேட்டு வாங்கி, கனநேரம் பார்த்தாள். "நான் ஒரு சால்வை பின்னுறன்" என்றாள். "என்ர கை இளக்கம்தானே, சால்வைக்கு அது நல்லம், வழிஞ்சு விழும். தோளால போட்டு முன்னுக்கு விட்டா வயிறு உள்ளுக்கு இருக்கும். தெரிஞ்சவைக்குத் தெரியும்." இரண்டு நாள் காலையும் பின்னேரமும் அவள் வான நீலத்தில் சால்வை பின்னினாள். சுகந்தினி அதற்குக் கரை கட்டினாள். இருவரின் நூலும் ஒரே பந்திலிருந்து வந்ததால் அடிக்கடி சிக்கியது. சிக்கெடுப்பதும் சிரிப்பாக இருந்தது. இருபதாம் திகதி மாதா குடிலுக்குள் போய்ச் சூசையப்பருக்குப் பக்கத்தில் நின்றாள். வடிவம்மாக்கா குனிந்து சால்வையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பவும் ஒழுங்காக விட்டார். சுகந்தினியின் சட்டையை ஒருமுறை பார்த்தார்.

"குளிர் காலம். நல்லா மூடிக்கொள்ளட்டும்" என்றார்.

இருபத்தி நாலாம் திகதி அரைநாள் வேலை. அன்றோடு காமன்ற் பூட்டி, இருபத்தேழுக்குத்தான் திரும்பத் திறக்கும். கேற்றில் வீரகத்தி அண்ணை எல்லோருடைய பையையும் திறந்து பார்த்துத்தான் விடுவார். ஜெசிந்தாவின் பைக்குள் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"என்ன பிள்ளை, மாதாவை எங்க கொண்டு போறியள்?"

"பிள்ளைப்பேறுக்கு அண்ணை" என்றாள் ஜெசிந்தா, முகத்தை ஒரு சொட்டும் மாற்றாமல். "நாளைக்குத்தானே திகதி."

வீரகத்தி அண்ணை ஜெசிந்தாவையும் மாதாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பொருள் வெளியே போகும் கொப்பியை எடுத்து, 'மாதா ஒன்று, திருப்பிக் கொண்டுவரப்படும்' என்று எழுதி ஜெசிந்தாவிடம் கையெழுத்து வாங்கினார். "திருப்பிக் கொண்டுவரேக்க ரெண்டு பேராக்கும்" என்றார்.

நத்தார் அன்று காலை பத்து மணிக்கு ஜெசிந்தா புதுச்சீலையோடும், பைக்குள் மாதாவோடும், ஒரு பெட்டி கேக்கோடும் அண்ணனின் மோட்டச்சைக்கிளில் சுகந்தினி வீட்டில் வந்து இறங்கினாள். இரவுப் பூசைக்குப் போய்வந்த கண் சிவந்திருந்தது. "பிறந்திட்டார்" என்றாள் வாசலிலேயே. "நானே என்ர கண்ணால கண்டனான். இனி நீ தொடங்கலாம்."

சுமன் கதிரை இழுத்துப் போட்டான். பேச்சியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, மேசையில் படுத்திருந்த மாதாவைப் பார்த்து, "வெந்நி வக்கட்டா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சுகந்தினி நூலின் நுனியைப் பிடித்தாள். இந்தமுறை விரல் நிற்கவில்லை. தையல் அவிழ்ந்தது. அவள் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு சின்னத் தட்டில் வைத்தாள். பிறகு எழும்பிப்போய் பிஸ்கற் ரின்னை எடுத்துவந்து எல்லோருக்கும் முன்னால் திறந்தாள். ஜெசிந்தா ஒன்றரைக் காலுறையைக் கண்டாள். அடியில் மிச்சமிருந்த வெள்ளை வூல் பந்தைச் சுகந்தினி வெளியே எடுத்து, ஆறு கண்ணி போட்டாள்.

ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. தலை வந்தது. குறைத்துக் குறைத்துக் கழுத்து வந்தது. இரண்டு வருடமாக இவ்வளவு சின்னதாக எதையும் அவள் பின்னவில்லை. கை அதை மறந்திருக்கவும் இல்லை. "இறுக்காதையடி, பிள்ளைக்கு மூச்சு முட்டும்" என்றாள் ஜெசிந்தா. "நீ பின்னியிருந்தா பிறக்கேக்கையே பள்ளிக்கூடம் போற வயசா இருந்திருப்பார்" என்றாள் சுகந்தினி. மாதாவின் வயிற்றிலிருந்து எடுத்த அதே பஞ்சைப் பாலனுக்குள் அடைத்தாள். ஒரு துளியும் மிஞ்சவில்லை. ஒரு துளியும் போதாமல் போகவில்லை. அதைக் கண்டு பேச்சியம்மா மட்டும் "ம்" என்றாள்.

கண்ணுக்கு இரண்டு கறுப்பு நூல் தைத்ததும் முடிந்தது. சுகந்தினி பாலனை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"மிச்ச நூலை என்ன செய்யப் போறாய்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

சுகந்தினி நூலை இறுக்கிச் சுற்றி, கொக்கி ஊசியை அதற்குள் குத்தி, காலுறைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியைப் போட்டாள். ரின்னைத் திரும்ப அலுமாரிக்கு மேலே ஏற்றவில்லை; மேசையிலேயே விட்டாள்.

"சித்திரைக்குப் பிறகு" என்றாள்.

இருபத்தேழாம் திகதி காலை கேற்றில் வீரகத்தி அண்ணை சுகந்தினியின் பையைத் திறந்தார். மெலிந்துபோன மாதாவும், சால்வையில் சுற்றிய பாலனும் உள்ளே இருந்தார்கள். அவர் கொப்பியை எடுத்து வரவு வைத்தார்.

"தாயும் பிள்ளையும் சுகமோ?"

"ஓம் அண்ணை. ரெண்டு பேரும் சுகம்."

அவள் குடிலுக்குப் போய், நீண்டு வளர்ந்திருந்த நெற்பயிரை விலக்கி, பாலனை வைக்கோலில் கிடத்தினாள். ஜெசிந்தா சிலுவை போட்டுக் கும்பிட்டாள். மெசின் தொடங்கும் மணி அடித்தது. சுகந்தினி தன்னுடைய லைனுக்குப் போகவில்லை. நேரே கந்தோருக்குப் போய், மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மிஸ், எனக்கு ஒரு மஞ்சள் பட்டி வேணும்" என்றாள்.